சுரண்டலும் மனவடுவும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துச் சிறுவரை முன்வைத்து ஒரு நோக்கு

சிறுவர்மீதான பாலியற் கொடுமை பற்றித் தமிழில் எழுத முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு சொற்களைப் பற்றியதாகும். ஊர்வழக்கில் ‘கெடுத்துப்போட்டான்’ என்பர். பத்திரிகைகள் நெடுங்காலமாகக் ‘கற்பழிப்பு’ என்றெழுதி வந்தன. முன்னது பிள்ளையைக் கெட்டுப்போன பண்டமாகக் காட்டுகின்றது; பின்னது அவளிடமிருந்த ஏதோவொன்று அழிந்தொழிந்துவிட்டது என்று தீர்ப்பே கூறிவிடுகின்றது. இரண்டிலும் செய்தவன் ஒரு கணம் எழுவாயாக நின்று மறைந்துபோக, அவள்மேற் படிந்த கறை மாத்திரம் நிலைத்துவிடுகின்றது. ஆண்பிள்ளைக்கு இக்கொடுமை நேர்ந்தால் அதனைச் சொல்லுதற்கு இவ்வழக்குகளில் ஒரு சொல்தானும் இல்லை. இன்று அரச அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் பெருவழக்காகியுள்ள ‘பாலியல் துஷ்பிரயோகம்’ என்னும் தொடர் இவற்றினும் மேம்பட்டதே. எனினும் அதிலும் ஓர் உறுத்தல் உண்டு. பிரயோகம் என்பது பயன்படுத்துகை. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம், பொதுநிதியைத் துஷ்பிரயோகம் செய்யலாம். அவற்றுக்கு முறையான பிரயோகமும் உண்டு என்பதனாலேயே அச்சொல் அவ்விடங்களிற் பொருந்துகின்றது. குழந்தையின் உடலுக்கு முறையான பிரயோகம் எது?

இக்கட்டுரை ‘சுரண்டல்’ என்னும் சொல்லையே தேர்ந்துகொள்கின்றது. தொழிற்சங்க மேடைகளிலும் முற்போக்கு ஏடுகளிலும் பழகிய அச்சொல் ஓர் உறவைக் குறிப்பது. ஒருவர் மற்றவரிற் தங்கிவாழ வேண்டியுள்ள நிலையையே அம்மற்றவர் தமது ஆதாயமாக மாற்றிக்கொள்ளும் உறவு அது. சோறும் கூரையும் பாடசாலைச் செலவும் எவரிடமிருந்து வருகின்றனவோ அவருக்கு மறுப்புச் சொல்ல இயலாதிருத்தல் என்பது வயற்கூலிக்கு நேர்வது, பிள்ளைக்கும் நேர்வது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் புகுத்திய 360ஆ பிரிவு ‘சிறுவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டல்’ என்பதைத் தனிக் குற்றமாக்கிற்று. பிள்ளை மீதுள்ள செல்வாக்கையோ உறவையோ பயன்படுத்திப் பாலியல் நோக்கத்துக்கு உட்படுத்துதல், அந்நோக்கத்தோடு பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பணமோ பொருளோ பிற நன்மையோ அளித்தல், அத்தகைய செயலுக்கெனத் தெரிந்தும் ஓரிடத்திற் பிள்ளையைத் தங்க விடுதல் ஆகியன அதில் அடங்கும். 5 ஆண்டுக்குக் குறையாததும் 20 ஆண்டுக்கு மேற்படாததுமான சிறைத்தண்டனை அதற்கு விதிக்கப்பட்டது. பொருளையும் உறவையும் ஒரே பிரிவிற் சேர்த்துவைத்த அச்சட்டவாசகம், அதனை வரைந்தோர் கருதினரோ இல்லையோ, இப்பிரச்சினையின் சமூக அடித்தளத்தைத் தொட்டுவிட்டது எனலாம்.

இரண்டாவது சொல் ‘மனவடு’. மேனாட்டு உளமருத்துவம் காயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றினால் வழங்கியதை ஈழத்து உளமருத்துவர்கள் மனவடு என்று தமிழாக்கினர். இதில் ஒரு பொருள்மாற்றம் நிகழ்ந்திருக்கின்றது. காயம் வேறு, வடு வேறு. வள்ளுவரே தீச்சுட்ட புண்ணையும் நாச்சுட்ட வடுவையும் வேறுபடுத்திக் கூறுபவர். புண் ஆறியபின் எஞ்சுவது வடு. அத்துடன் பழந்தமிழில் வடு என்பதற்குப் பழி, குற்றம் என்ற பொருளும் உண்டு. எமது சமூகத்தில் இத்தகைய பிள்ளை சுமப்பது அவ்விரு பொருளையும் ஒருங்கேயாகும். நேர்ந்த கொடுமையின் தடம் ஒன்று. ஊரார் இட்ட பழி மற்றொன்று. முதலாவதை மருத்துவம் ஆற்ற முயலலாம். இரண்டாவது மருத்துவமனையில் உண்டாகியதன்று. ஆதலால் அங்கு மட்டும் ஆறவும் மாட்டாது.

இலக்கிய மாணவர் என்ற வகையில் இங்கு ஒன்றைக் கூறாது செல்லல் இயலாது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி மணமேடை ஏறும்போது அவளுக்கு வயது 12. மாதவி 5ஆம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, 12ஆம் வயதில் அரசன் முன் அரங்கேறுகிறாள்; அவளது மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை; அதனை வாங்கியவனுக்கு அவள் உரியவள். கலைச்சிறப்புக்காக நாம் மீண்டும் மீண்டும் பயிலும் அரங்கேற்று காதை, ஒரு சிறுமியின் உடலுக்கு விலை குறிக்கப்படும் நிகழ்ச்சியும் ஆகும். உரையாசிரியர்கள் இசைக்கும் கூத்துக்கும் எழுதிய விரிவான குறிப்புகளிடையே அவளது அகவை எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பழமையைப் பழித்தல் எமது நோக்கமன்று. ஆனால் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பெண்பிள்ளையின் சம்மத வயதாக வைத்ததும் அதே 12 என்பதும், 1995இலேயே அது 16ஆக உயர்த்தப்பட்டது என்பதும் சிந்தனைக்குரியன. அத்திருத்தமும் 12 வயதைக் கடந்த மனைவிக்கு விலக்களித்தது; முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நிகழும் இளவயது மணங்களை முன்னிட்டே இவ்விலக்கு நிலைத்தது. இதனை மாற்றுமாறு நெடுங்காலமாகக் குரலெழுப்பி வந்தோர் முஸ்லிம் பெண்களே. அவர்களது கோரிக்கையை இனவாதத்துக்குத் தீனியாக்குவோரையும், இனவாதத்தைச் சாட்டாகக் காட்டி அக்கோரிக்கையை ஒத்திப்போடுவோரையும் ஒருசேர மறுப்பது முற்போக்காளர் கடன்.

முற்போக்கு இலக்கியத்தின் கணக்கையும் இவ்விடத்திற் பார்த்துவிடலாம். ஐம்பதுகள் தொட்டு எழுந்த ஈழத்து யதார்த்தவாதச் சிறுகதையும் நாவலும் சாதியத்தையும் கூலிச் சுரண்டலையும் அம்பலப்படுத்தியமை பெருஞ்சாதனையே. ஆயின் நிலவுடைமையாளன் கூலிக்காரரின் மகளைச் சீரழிக்கும் நிகழ்ச்சி அக்கதைகளிற் பெரும்பாலும் வர்க்கக் கொடுமையின் குறியீடாகவே பயன்பட்டது. அவள் கிணற்றில் வீழ்வாள், அல்லது பித்துப்பிடித்துத் திரிவாள், தந்தையோ தமையனோ கத்தியெடுப்பான், கதை முடியும். மறுநாட்காலை அவள் எழுந்து பாடசாலைக்குச் செல்ல வேண்டியிருந்தால் என்ன நிகழும் என்ற கேள்வி எழுவதேயில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு எமது கதைமரபில் இடமில்லாதிருந்தது. இக்குறை கலைக்கு மாத்திரம் உரியதன்று. உண்மை வாழ்விலும் ‘இனி இவளுக்கு என்ன இருக்கிறது’ என்று கைவிரிப்போர், தாம் கேட்டு வளர்ந்த கதையின் முடிவையே திருப்பிச் சொல்கின்றனர்.

உளவியலின் வரலாறும் இவ்விடயத்தில் நேர்கோட்டில் முன்னேறியதன்று. 1896இல் வியன்னாவில் சிக்மன்ட் பிராய்ட், தம்மிடம் வந்த நோயாளரின் உளக்கோளாறுகளுக்கு அடியில் இளமையில் அவர்கள் அடைந்த பாலியற் கொடுமையே கிடக்கின்றது என்று மருத்துவர் சபையொன்றில் உரைத்தார். சபை அதனைக் குளிர்ந்த மௌனத்தோடு ஏற்றது. அடுத்த ஆண்டே அவர் அக்கொள்கையைக் கைவிடலானார். நோயாளர் கூறியவற்றிற் பெரும்பகுதி நிகழ்ந்தவையல்ல, உள்ளார்ந்த கற்பனைகள் என்ற பக்கத்துக்குப் பின்னர் சாய்ந்தார். அவர் கூறியதை அப்படியே ஏற்பதாயின், வியன்னாவின் கண்ணியமான பூர்ஷ்வாக் குடும்பங்கள் பலவற்றின் தந்தையர் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியிருந்திருக்கும். 1932இல் அவரது சீடரான பெரன்சி, குழந்தையின் அன்புமொழியும் வளர்ந்தவரின் இச்சைமொழியும் ஒன்றையொன்று தவறாக விளங்கிக்கொள்வதைப் பற்றிப் பேசி, குழந்தை கூறுவதை நம்பவேண்டும் என்று வாதிட்டபோது சொந்த வட்டத்தினராலேயே ஒதுக்கப்பட்டார். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பது அமெரிக்க உளமருத்துவ நூலில் 1980இலேயே இடம்பெற்றது. அதற்கு வியட்நாமிலிருந்து மீண்ட படையினரின் கிளர்ச்சி வேண்டியிருந்தது. குடும்பத்துக்குள் நிகழும் வன்முறைக்கும் அதே அறிவை விரித்தது பெண்கள் இயக்கம். ஜூடித் ஹேர்மன் 1992இல் எழுதிய நூலில், மனவடு பற்றிய அறிவு அரசியல் இயக்கம் தாங்கும்போது வளர்ந்தும், தாங்காதபோது மறக்கப்பட்டும் வந்துள்ளது என்று காட்டினார். ஒரு மருத்துவ நூல் கருத்துநிலை பற்றிக் கூறிய இக்கூற்று எமது விமர்சகர் பலரின் கண்ணில் இன்னும் படவில்லை.

கொடுமைக்குட்பட்ட பிள்ளையின் உள்ளத்தில் என்னதான் நிகழ்கின்றது? 1985இல் பிங்கெல்ஹோர், பிரவுண் என்னும் ஆய்வாளர் இருவர் அதனை நான்கு இயக்கங்களாக விளக்கினர். வயதுக்கு ஒவ்வாத பாலுணர்வு பிள்ளைமேற் திணிக்கப்படுகின்றது, நம்பியவரே வஞ்சித்துவிடுகின்றார், தன் உடலில் தனக்கே அதிகாரமில்லை என்ற இயலாமை படிகின்றது, இழிவு தன்னுடையதே என்ற உணர்வு ஊறுகின்றது. அடையாளங்கள் வயதுக்கேற்ப மாறும். சிறு குழந்தை விட்டுப்போன படுக்கை நனைத்தலை மீண்டும் தொடங்கும்; இரவில் அலறும்; விளையாட்டிலே நேர்ந்ததையே திரும்பத் திரும்ப நடத்திக்காட்டும். பாடசாலைப் பிள்ளை படிப்பிற் பின்தங்கும், வயிற்றுவலி தலைவலி என்று ஒதுங்கும், வகுப்பிலிருந்தும் இல்லாததுபோல் வெறித்துப் பார்த்திருக்கும். தாங்கவியலாத வேளையில் மனம் உடலை விட்டு விலகி நிற்கக் கற்றுக்கொண்டதன் விளைவே அவ்வெறிப்பு. வளரிளம் பருவத்திற் தன்னையே காயப்படுத்தலும் உயிர்மாய்க்க முயல்தலும் நேரும். வயதுக்கு மீறிய பாலியல் நடத்தையும் வெளிப்படலாம். ஆசிரியரும் உறவினரும் பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்வது இந்த இறுதி அடையாளத்தையே. காயத்தின் அறிகுறி ‘பிள்ளை சரியில்லை’ என்பதற்குச் சான்றாகிவிடுகின்றது.

ஏன் உடனே சொல்லவில்லை என்ற கேள்விக்கும் விடை உண்டு. றோலன்ட் சமிற் என்னும் மருத்துவர் 1983இல் விளக்கியவாறு, இரகசியத்தினாலும் கையறுநிலையினாலும் பிள்ளை கொடுமைக்கு இசைந்து வாழப் பழகுகின்றது. காலந்தாழ்த்தித் தயங்கித் தயங்கிச் சொல்கின்றது. சொன்னபின் வீடு உடைவதைக் கண்டு தன் சொல்லையே மறுத்துவிடுகின்றது. வழக்குத் தொடுத்தோர் பலர் இடறுவது இங்குதான். மறுத்துரைத்தலைப் பொய்ம்மைக்குச் சான்றாகக் கொள்ளும் சட்டத்தரணிக்கும் ஊர்ப்பெரியவருக்கும், அது தங்கிவாழ்தலின் சான்று என்பது எளிதில் விளங்குவதில்லை.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். வாவி இப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாக வகுக்கின்றது. கடலை அடுத்த எழுவான்கரையில் நகரமும் வைத்தியசாலையும் நீதிமன்றங்களும். மேற்கே படுவான்கரையில் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும், போடியாரின் காணியிற் கூலிசெய்து வாழ்ந்த குடும்பங்களின் ஊர்களும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகிலேயே அவ்விடத்தில் வாவியைக் கடந்தனர். தெற்கே பாலமில்லாத துறைகளுக்குப் பாதையே கதி.

குடும்ப அமைப்பிலும் இப்பிரதேசம் தனித்தன்மை உடையது. வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். அக்கா தங்கைமார் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பர். பிள்ளை தாயின் உறவினர் நடுவிலே வளரும். அம்மம்மாவும் பெரியம்மாவும் கூப்பிடு தூரத்தில். இதனைப் பொற்காலமாகக் காட்டுவது பிழை. அவ்வளவுகளுக்குள்ளும் கொடுமை நிகழ்ந்தது. மகளின் மணவாழ்வைக் காக்க மருமகனின் குற்றத்தை மூடிமறைத்த தாய்மாரும் இருந்தனர். எனினும் வெளியிலிருந்து வந்த ஆண் மனைவியின் உறவினர் கண்முன்னே வாழ்ந்தான் என்பதும், பிள்ளை இரவோடிரவாக ஓடிச்செல்ல இன்னொரு வாசல் இருந்தது என்பதும் பொருளற்றவையல்ல. பிள்ளைப் பராமரிப்பு ஒரு தாயின் தோளில் மாத்திரம் ஏற்றப்படாது பல பெண்களின் ஊதியமற்ற உழைப்பாற் பகிரப்பட்டது.

இவ்வமைப்பு ஒரே நாளில் உடையவில்லை. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகள் எழுவான்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு சமூகங்களையும் பீதியில் ஆழ்த்தின. காணாமலாக்கப்பட்ட ஆண்கள், அகதிமுகாம்கள், 2004இல் இயக்கத்தின் பிளவோடு வீடு திரும்பிய சிறுவர் போராளிகள் என்று அக்கதை நீளும். பொலிஸ் நிலையம் என்பதே அச்சத்துக்குரிய இடமாயிருந்த ஆண்டுகளிற் சிறுமி ஒருத்தியின் முறைப்பாட்டை அங்கு கொண்டுசெல்ல எந்தத் தாய் துணிவாள்? 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர்க் கடற்கரை வலயத்திலிருந்து மக்கள் அகற்றப்பட்டனர். நாவலடி போன்ற கரையோரத்து மக்களுக்குத் திராய்மடுவிற் புதிய குடியிருப்புகள் எழுந்தன. தாய்வழியில் இறங்கிவந்த வளவுகள் சிதறின. நிவாரண வீட்டின் உறுதி பல இடங்களிற் ‘குடும்பத் தலைவன்’ பெயரில் எழுதப்பட்டது. பெண்ணின் சீதனவீட்டில் வந்து வாழ்ந்த ஆண், அரசின் ஒரு கையொப்பத்தால் வீட்டுக்குரியவனாகி, பெண்ணும் பிள்ளையும் அவனது கூரையின்கீழ் வாழ்வோராயினர். தங்கிவாழ்தல் தலைகீழானதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

அதன்மேல் வந்தது மத்தியகிழக்குப் பயணம். நுண்கடன் தவணைக்கும் வீட்டின் அரைச்சுவருக்கும் பணம் தேடிப் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிக்குச் சென்றனர். அங்கு பிறர் பிள்ளையை வளர்க்கும் உழைப்பு கூலியாகிறது. இங்கு தம் பிள்ளையை வளர்க்கும் இடம் வெறுமையாகிறது. 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் செல்வதைத் தடுத்தது. தந்தையரின் பயணத்துக்கு அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அவ்விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் பாதுகாப்புப் பற்றிய அரசின் அக்கறை டொலர் கையிருப்போடு ஏறியிறங்கியது என்று கூறுவது மிகையாகாது. ‘தாய் வெளிநாடு சென்றதால் பிள்ளை சீரழிந்தது’ என்ற பத்திரிகைத் தலைப்பு, குற்றம் செய்தவனையும் கடன் கொடுத்தவனையும் கூலியை நிர்ணயித்தவனையும் விட்டுவிட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் பிறர் வீட்டில் உழைப்பவளைக் கூண்டில் ஏற்றுகின்றது.

வறுமையே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகிவிடும். வசதி படைத்த வீடுகளிலும் இது நிகழ்கின்றது; அங்கு மறைப்பதற்கு மதில் உயரமானது, அவ்வளவே. வேறுபாடு தப்பிச் செல்லும் வழியிலே உள்ளது. வீட்டு வேலைக்கென நகரத்து வீடொன்றில் விடப்பட்ட வறிய சிறுமிக்கு அவ்வழி அறவே இல்லை.

இவ்வாறு உறவுகளில் விளைந்த ஒன்றை உறவுகளை விட்டு நீக்கி, தனியொரு பிள்ளையின் மூளைக்குள் மட்டும் தேடும் சிகிச்சை எவ்வளவு தூரம் செல்லும்? எல் சல்வடோரின் உளவியலாளரும் இயேசுசபைத் துறவியுமான மார்ட்டின் பாரோ, 1989 நவம்பரில் அந்நாட்டுப் படையினராற் கொல்லப்படுவதற்கு முன் எழுதியவற்றில், போரின் மனவடு தனிமனிதருக்குள் அன்றி மனிதரிடையேயான உறவுகளில் வேரூன்றியது என்று வற்புறுத்தினார். அதே சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞரான போல் ஹோகனும் மட்டக்களப்பு நகரில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா இவ்வகையிற் கருதத்தக்க ஒரு முயற்சி. அது பாலியற் கொடுமைக்குட்பட்டோருக்கெனத் தனியே அமைந்ததன்று. போராற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் ஊர்ச் சிறுவர்களுக்கானது. பேருந்தில் அழைத்து வரப்படும் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாளை, மாதக்கணக்கில், அங்கு கழித்தனர். களிமண், வண்ணம், கதை, கூத்து, மரஞ்செடி, வளர்ப்புப் பிராணிகள் என்பனவே கருவிகள். உனக்கு என்ன நடந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை. துணைநின்றோர் இதே மண்ணின் இளைஞர். அவர்களிற் பலர் தாமும் போரிற் காயமுற்றவர்கள். மதவாதிகள் நடத்தியது என்பதற்காக இதனை அலட்சியம் செய்யும் நண்பர்களோடு இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்குத் தன் உடலின்மீதும் நேரத்தின்மீதும் தெரிவு செய்யும் உரிமையை மீட்டுக்கொடுத்தல் என்ற அடிப்படையை அப்பூங்கா சரியாகவே கண்டுகொண்டது. ஹேர்மன் கூறும் ஆறுதலின் படிகளிலும் முதலாவது பாதுகாப்பு. நினைவுகூர்ந்து துக்கித்தல் அதற்குப் பிறகே. மீண்டும் உறவுகளோடு இணைதல் அதன்பின். பாதுகாப்பு உறுதியாகுமுன் பிள்ளையைப் பேசவைக்க முயலும் உளவளத்துணை, நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், காயத்தைக் கிண்டுவதாகவே முடியும்.

அரச துறையில், போரின் பிற்பகுதியில் மட்டக்களப்பு வைத்தியசாலையை மையமாகக் கொண்டு மருத்துவர் மகேசன் கணேசன் உளநலச் சேவையொன்றைக் கட்டியெழுப்பினார். கிழக்கில் உளமருத்துவர் அவரொருவரே என்றிருந்த ஆண்டுகளும் உண்டு. தொண்ணூறுகளின் முற்பகுதியிலிருந்து சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் வன்முறைக்குட்பட்ட பெண்களோடு பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் நீதிமன்றுக்கும் உடன்சென்று துணைநின்று வந்துள்ளது. உடன்செல்லுதல் என்ற இந்த எளிய செயலின் மதிப்பை அளவிடுவது கடினம். சிகிச்சை முறை எதுவாயினும், குற்றம் புரியாத பெற்றோரோ பராமரிப்பவரோ பிள்ளையை நம்பி அதன் பக்கம் நின்றால் ஆறுதல் விரைவுபடுகின்றது என்பது உலகெங்கும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. ஆகவே தாயைத் தாங்குவதும் பிள்ளைக்கான சிகிச்சையின் ஒரு பகுதியே. மகளின் சொல்லை நம்பினால் கணவனின் வருவாயும் கூரையும் போய்விடும் என்ற நிலையிலுள்ள தாய்க்கு நம்பிக்கை என்பது வெறும் மனநிலையன்று. அது ஒரு பொருளாதார முடிவு.

மரபுவழிப் பரிகாரங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளை இரவில் அலறினால் ‘பயந்த கோளாறு’ என்பர். தண்ணீர் ஓதிக் கொடுப்பர், நூல் கட்டுவர், அம்மன் கோயிலில் தெய்வமாடுபவரிடம் வாக்குக் கேட்பர். தொண்ணூறுகளில் காணாமற்போனோரின் தாய்மாருக்கு இப்பிரதேசத்து அம்மன் கோயில்கள் எவ்வாறு துயரைப் பேசும் இடமாயின என்பதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். பயந்த கோளாறு என்ற விளக்கத்தில் ஒரு நன்மை உண்டு: குற்றம் பிள்ளையினுடையதன்று, வெளியிலிருந்து வந்தது என்று அது கூறுகின்றது. ஊர்கூடிக் கவனிக்கின்றது, பிள்ளை தீண்டத்தகாததாக ஒதுக்கப்படுவதில்லை. தீமையும் அதே இடத்திலேயே உள்ளது. வெளியிலிருந்து வந்தது பேயாகிவிட்டால் அடுத்த வீட்டு மனிதன் தப்பிவிடுகிறான். பூசாரியை ஏளனம் செய்வதைவிட, அலறும் பிள்ளையை வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்லுமாறு கூறும்படி அவரை இணங்கவைப்பது பயனுடையது.

மிகுந்த கவலைக்குரியது சிறுவர் இல்லங்களின் நிலை. விபுலானந்த அடிகள் காலந்தொட்டு இராமகிருஷ்ண மிஷனும் கிறித்தவ சபைகளும் நடத்திய இல்லங்கள் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி ஈந்தமை மறக்கற்பாலதன்று. ஆனால் இன்று பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடுள்ள பிள்ளைகள் பலர் இல்லங்களில் வாழ்கின்றனர். வீட்டில் கொடுமை நேர்ந்ததென்று முறையிட்ட சிறுமி நீதவானின் கட்டளைப்படி இல்லத்துக்கு அனுப்பப்படுகிறாள்; குற்றஞ்சாட்டப்பட்டவன் பிணையில் அதே ஊருக்குத் திரும்புகிறான். பாடசாலையும் தோழியரும் தம்பி தங்கையரும் அவளிடமிருந்து பறிபோகின்றனர். பிள்ளையின் பார்வையில் இது தண்டனையே. சொன்னதற்குக் கிடைத்த தண்டனை. அடுத்த வளவுச் சிறுமி இதனைப் பார்த்து வாய்மூடிக் கற்றுக்கொள்கிறாள். அம்மம்மாவோ பெரியம்மாவோ பிள்ளையை ஏற்க முன்வருமிடத்து, இல்லத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் அவ்வுறவுப் பெண்ணுக்கு மாதந்தோறும் வழங்கி அவள் உழைப்பை உழைப்பென்று ஏற்பது, இப்பிரதேசத்தின் தாய்வழிக் குடும்ப மரபோடு இயையும் பராமரிப்பாகும். கூடவே, அவ்வீட்டில் வந்துபோகும் ஆண்கள் யாவர் என்பதையும் நன்னடத்தை உத்தியோகத்தர் நேரிற் சென்று பார்த்தல் வேண்டும்.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். சட்டத்தின் வல்லுறவுப் பிரிவு பெண்ணையே பாதிக்கப்பட்டவராகக் கொண்டது. பையனுக்கு நேர்வது 365ஆ பிரிவின் பாரதூரமான பாலியற் கொடுமைக்குள் அடங்கும். எனினும் ஒருபாற் புணர்ச்சியையே குற்றமாக்கிய 365அ பிரிவு அதனருகிலேயே நிற்பதனால், சொன்னால் தானும் குற்றவாளியாவேனோ என்ற அச்சம் அவனை ஊமையாக்குகின்றது. ஊர் அவனது துன்பத்தைப் பகிடியாக்குகின்றது.

வழக்கு நடக்கும் விதமோ மனவடுவைப் புதுப்பிப்பதாகவே உள்ளது. பிள்ளை பொலிசில் ஒருமுறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை, உளமருத்துவரிடம் ஒருமுறை, நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒருமுறை என அதே கதையைச் சொல்கின்றது. கோவை கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சென்று, தமிழ் வாக்குமூலங்கள் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்து, குற்றப்பத்திரம் மேல் நீதிமன்றுக்கு வரும்போது ஆண்டுகள் கழிந்திருக்கும். ஒன்பது வயதில் நேர்ந்ததைச் சிறுமி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வயதிற் கூண்டில் நின்று உரைக்க வேண்டும். மறக்கக் கற்ற ஒன்றைத் திகதியோடு நினைவுகூர வேண்டும். 2015இல் புங்குடுதீவில் மாணவியொருத்தி கொல்லப்பட்டபோது வடக்கெங்கும் மக்கள் வீதியில் இறங்கினர். விசேட நீதாய மன்று 2017 செப்டெம்பரிலேயே தீர்ப்பளித்தது. விரைவு இயலாததன்று என்பதற்கு அது சான்று. உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்காக எவரும் வீதியில் இறங்குவதில்லை.

மாற்றுவழிகள் சட்டப்புத்தகத்தில் ஏற்கெனவே உள்ளன. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து மன்றில் முன்வைக்க இடமளிக்கின்றது. 2015ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் தொலைவிடமொன்றிலிருந்து ஒலி, ஒளித் தொடர்பின்மூலம் சாட்சியமளிக்க வழிசெய்கின்றன. படுவான்கரைப் பிரதேச செயலகமொன்றில் அதற்கென ஓர் அறையும், தமிழிற் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவரும், பிள்ளையின் அருகில் அமர அம்மம்மாவுக்கு ஒரு கதிரையும் இருக்குமாயின், அச்சிறுமி விடியற்காலையில் எதிரியின் உறவினரோடு ஒரே பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியதில்லை.